இரண்டாவது பையில் நில்

பையின் மேல் நிற்கும் காதலனைத் தமிழ்ப் பாட்டு தாங்காது என்று நினைத்தேன். மலை மேல் நிற்கலாம். படகில் நிற்கலாம். மழையில் குடையில்லாமல் நிற்கலாம். பையின் மேலா? அரிசிப் பையா, சிமெண்டுப் பையா? அச்சகத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி தனியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது. ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது ஒளித்துவைத்துவிடுவேன் என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

நான் பர்மாவில், பசுந்தாங் ஓடைக்கரைப் பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீசு, நாட்காட்டி. மின்சாரம் இருக்கும்போது இயந்திரம் ஓடும். இல்லாதபோது நான் என்னுடையதை எழுதுவேன், வசனமும் அல்லாத செய்யுளும் அல்லாத ஒன்றை. அதைப் படிக்கிறவர்களை இந்த ஊரில் ஒரே சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவிடலாம், ஓட்டுகிறவரையும் சேர்த்து.

ஆனால் நம் ஜனங்களிடையே எனக்கு வேறொரு பெயர் உண்டு. பாட்டுக் கட்டுகிறவன். அந்தந்த வருடம் ஊரெல்லாம் பாடும் பர்மியப் பாட்டு எதுவோ, அதன் மெட்டில் திருவிழாவுக்குத் தமிழ்ச் சொல் வைத்துக் கொடுப்பேன். அந்தப் பர்மியப் பாட்டே பல சமயம் ஏதாவது இங்கிலீஷ் மெட்டில் பர்மியச் சொல் வைத்ததாக இருக்கும். எங்களிடம் வந்து சேருவதற்குள் ஒரு மெட்டு இரண்டு முறை உடை மாற்றியிருக்கும். இந்த வேலைக்கு ஒரே விதிதான்: மெட்டை வைத்துக்கொள், சொல்லைத் தூக்கிப் போடு. காதலியிடம் தோற்றுக் குடித்துவிட்டுப் புலம்புகிறவனின் பாட்டை நான் முருகனின் மயிலாக்கியிருக்கிறேன். பால்குடம் தூக்கியவர்கள் அதைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். பழைய சொற்கள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததாலேயே எனக்கு அது ஒரு திறமையாகத் தோன்றிவிட்டது.

ஒரு பெண் என்னைத் தேடி வந்தது இந்தப் பெயரைக் கேட்டுத்தான்.

தாமுவேயில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மா பர்மியப் பெண்மணி; தமிழரான அப்பா அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தவறிவிட்டார். அவரோடு பேசிய தமிழ்தான் அவள் தமிழ்: வா, போ, சாப்பிடு, தூங்கு, ஏன் அழுறே. இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து சொந்தமாகப் பாட்டு எழுதி இணையத்தில் போடுகிறாள். ஒரு கிதார், இரண்டு கட்டைகள் செத்துப்போன ஒரு கீபோர்டு. கடைக்குப் பக்கத்து டீக்கடையில் தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சொன்னாள். பேசியதெல்லாம் பர்மிய மொழி.

"இது இன்டி பாப், ஊலே."

ஊலே என்றால் மாமா. எனக்கு அவளிடம் அதுதான் பெயர்.

"அப்படின்னா?"

"யாரும் கேக்காத பாட்டு."

"அப்ப நானும் இன்டிதான்" என்றேன். சிரித்தாள். இப்படிச் சிரிக்க வைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுவிட்டதாக எனக்கு ஒரு எண்ணம் வந்துவிடும். பழைய வியாதி.

அவள் கேட்டது இது. அவள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் நம் தமிழ்ப் பையன், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக்காரன். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இல்லத்து ஆட்கள் கூடிப் பேஸ்பால் ஆடுகிறார்கள், அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். அவள் அங்கே போய் அவனோடு சேரவேண்டும். அதற்கு இங்கே முதலில் கல்யாணம் பேசி முடிய வேண்டும். அதற்கு அவன் அம்மா சரியென்று சொல்ல வேண்டும். அந்த அம்மா ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: சந்தையில் பேசப் பர்மா மொழி போதும், வீட்டுக்கு வருகிறவள் தன் மனதை என்னிடம் ஒரு தடவையாவது தமிழில் சொல்லட்டும்.

"பேசினா எனக்கு வாய் கோணுது, ஊலே. பாடினா கோணாது" என்றாள். "அவனுக்காக எழுதின பாட்டு இருக்கு. அதையே தமிழ்ல பாடிடறேன். மனசு முழுக்க அதுலதான் இருக்கு."

பாட்டைப் பர்மிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பின்பக்கம் ஒரு படம்: சாய்த்து வைத்த சதுரம், நான்கு மூலைகளிலும் நான்கு சின்னக் கட்டங்கள். அதில் விரலை வைத்துப் பேஸ்பால் மைதானத்தை விளக்க ஆரம்பித்தாள். இது புறப்படுகிற இடம், இதற்குப் பெயர் வீடு. இது முதல் பை, இது இரண்டாவது பை...

"தெரியும்மா, தெரியும். கிரிக்கெட் மாதிரிதானே."

"இல்லை ஊலே, இதுல..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வரிசையாகக் கடைகள் ஜெனரேட்டரை இழுத்துவிட்டன. அவள் வாய் அசைந்தது. நான் தலையை ஆட்டினேன். ஜெனரேட்டர்மீது பழி போட முடியாது. அவள் சத்தமாகத்தான் சொன்னாள். நான் அதற்குள் மெட்டை மனதில் ஓடவிட்டு, முல்லையை எந்த இடத்தில் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சகத்தில் உட்கார்ந்து அவள் தாளின் முதல் பத்தியைப் படித்தேன். ஒரு வருடம் முழுக்க அவன் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் மட்டைகளைத் துடைத்துக் கொடுத்தானாம். அந்தப் பெஞ்சின் இன்னொரு முனையில் இங்கிருந்து நான் உட்கார்ந்திருந்தேன் என்கிறாள். இரண்டாவது பத்தி: பந்து பிடிக்கிறவன் கால்களுக்கு நடுவே விரல்களால் ரகசியச் சைகை காட்டுவான், போன் திரை உறைந்து உறைந்து வருவதால் உன் சைகைகளில் பாதிதான் எனக்குக் கிடைக்கிறது. மூன்றாவதில் அவன் அடித்துவிட்டு ஓடி இரண்டாவது பையை மிதித்துக்கொண்டு நிற்கிறான். அங்கேதான் சிரித்தேன். பல்லவியை வாசிக்கவில்லை. வாசிப்பானேன்? பிரிந்துபோன காதலனைப் பற்றிய பாட்டின் பல்லவியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என்ன திமிர். நம் பாட்டுகளில் பிரிந்திருப்பவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள்: வா. நானும் அதையே வைத்தேன்.

*மீள்வாய் மீள்வாய் மன்னவனே*
*முல்லை பூத்தது முற்றத்திலே*
*நாளை எண்ணி நலிந்தேனே*
*நம்மில்லம் நீ ஏகுகவே*

தாமுவேயில் ஐந்தாம் மாடியில் இருக்கிறவளுக்கு முற்றம். அப்போது அது கண்ணில் படவில்லை. மெட்டில் சொட்டுச் சிந்தாமல் உட்கார்ந்தது. அன்று மாலை ஓடைக்கரையில் நடந்தபோது இரண்டு முறை வாய்விட்டுப் பாடிப் பார்த்துக்கொண்டேன்.

பாட்டை வாங்க அவள் அச்சகத்துக்கு வந்தாள். நான் சொல்லச் சொல்லப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொண்டாள். பல்லவிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"மீள்வாய். இந்த வார்த்தை அப்பா சொன்னதே இல்லையே."

"அது நூல் தமிழ்."

"என்ன அர்த்தம், ஊலே? என் பல்லவியில இருக்கிறதுதானா?"

ஒரு கணம் இருந்தது. அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். தாள் மேசையில் எனக்கு முன்னால்தான் கிடந்தது. குனிந்து நான்கு வரி படித்திருந்தால் போதும். படித்தால், இதுவரை படிக்காதது அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அதேதான்" என்றேன். "பத்திரமா இருன்னு அர்த்தம். கொஞ்சம் தமிழ் முறையில இருக்கும், அவ்வளவுதான்."

"பத்திரமா இரு" என்று அவள் தமிழிலேயே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான் வேணும். சரியா பிடிச்சிட்டீங்க, ஊலே." ஓரத்தில் பர்மிய மொழியில் சின்னதாகக் குறித்துக்கொண்டாள்: பத்திரம்.

ஒரு பொய் உண்மையின் இவ்வளவு பக்கத்தில் போய் விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது அவள் எழுதியதாகவே இருந்தது. நான் எழுதியதுதான் அதற்கு நேர் எதிர்.

மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தில் இரண்டாவது மாடி. பையனின் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையை நான்தான் திருத்திக் கொடுத்தேன். கணவர் இல்லை. சந்தையில் மசாலாப் பொடி விற்கிறார். வீட்டுப் படியேறும்போதே மல்லியும் மிளகும் மூக்கில் ஏறும். பெண்ணின் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் அவள் தரப்புப் பெரியவராக நான் போனேன். அவள் தரப்பு. இந்த இரண்டு சொற்களை எழுதும்போது கை கூசுகிறது.

பெண் வாழைத்தாரும் தேங்காயும் வைத்து, பர்மிய முறையில் மண்டியிட்டுத் தரையைத் தொட்டு மூன்று முறை வணங்கினாள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. "எந்திரிம்மா, எந்திரி. என்ன இப்படி மெலிஞ்சு கிடக்கே, ஜப்பான்ல காத்து அடிச்சா பறந்துடுவே" என்றார். ஜப்பான் என்று அவர் வாயிலிருந்தே வந்தது. பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கண்ணெல்லாம் சிரிப்பு. பாதி வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

பிறகு கிதாரை எடுத்தாள்.

நன்றாகப் பாடினாள். இன்னும் கொஞ்சம் மோசமாகப் பாடியிருக்கலாம். ஒவ்வொரு சொல்லும் துலக்கிவைத்த பித்தளை மாதிரி தெளிவாக விழுந்தது. முதல் பத்தியில் அக்காவின் தலை மெல்ல ஆடியது. பல்லவியில் நின்றது. மறுபடி பல்லவி வந்தபோது அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். ரயில் எதுவும் வரவில்லை.

"நீயே எழுதினதாம்மா?"

"ஆமா, ஆமே. நான்தான்" என்று பெண் தமிழில் சொன்னாள். ஆமே என்றால் அம்மா. எத்தனை நாள் ஒத்திகை பார்த்த வாக்கியமோ.

"மனசுல உள்ளதா?"

"மனசுல உள்ளது."

அக்கா பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு." அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசியதெல்லாம் பர்மிய மொழியில்.

நாங்கள் கிளம்பும்போது, தம்பி ஒரு நிமிஷம் என்று என்னை மட்டும் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"இது சரிப்படாது, தம்பி."

"ஏங்க்கா? நல்லாத்தானே பாடிச்சு."

"நல்லாப் பாடிச்சு. அதான் பயமா இருக்கு. மீண்டு வா, வீட்டுக்கு வந்து சேருன்னு பாடுது. இப்ப எந்த வீட்டுப் பையன் ஊருக்கு வர்றான், சொல்லு? வந்து இறங்கினா மறுபடி ஏற விடுவாங்களான்னு யாருக்குத் தெரியும்? பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போவாங்களான்னு யாருக்குத் தெரியும்? என் பிள்ளை லேசான மனசுக்காரன். இப்படி ஒருத்தி ரெண்டு தடவை கூப்பிட்டா மூணாந்தடவை டிக்கெட் எடுத்துடுவான்."

வயதுப் பிள்ளைகள் ஊருக்கு வருவதில்லை என்பதை இங்கே யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த வீட்டிலும் கிடந்தது, மேலே மிளகாய் உலர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தவன் நான். பாட்டுக் கட்டும்போது மட்டும் எனக்கு ஊர் மறந்துவிடுகிறது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை அவன் ஆடுறதை யாரோ போன்ல பிடிச்சுக் காட்டுவாங்க. அடிச்சுட்டு ஓடுவான். ரெண்டாவது பையில போய் நிப்பான். அந்தப் பையில காலு இருக்கிற வரைக்கும் அவனை யாரும் தொட முடியாது தம்பி, அதான் ஆட்டம். நான் இங்கேருந்து கத்துவேன், அங்கேயே நில்லுடா, அங்கேயே நில்லுன்னு. எல்லாரும் வீட்டுக்கு ஓடு ஓடுன்னு கத்துவாங்க. வீட்டுக்கு வந்தாத்தான் அதுல கணக்கு. நான் ஒருத்திதான் வராதேன்னு கத்துறவ."

பேஸ்பால். மல்லி வறுக்கிற வாசனைக்கு நடுவில் அந்த ஆட்டத்தை அவர் பிழையில்லாமல் சொன்னார். அவரைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்றுதான் நான் முல்லையைத் தேடிப் போயிருந்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா, அந்தப் பல்லவி என்னுடையது. ஒரே வரி. அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

நான் சொன்னது: "சின்னப் பொண்ணுதானே அக்கா. யோசிக்காம எழுதியிருக்கும்."

வாயிலிருந்து வெளியே வந்த பிறகு அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். பிழை திருத்துகிறவனுக்குப் பழக்கம் அது. ஒரு பிழையும் இல்லை. சுத்தமாக இருந்தது.

பசுந்தாங் திரும்பியதும் அவள் தாளை எடுத்து வாசித்தேன். பல்லவி இப்படி இருந்தது: *பையை மிதித்துக்கொண்டே நில். வீட்டுக்கு ஓடிவராதே. அங்கே நிற்கும்வரை உன்னை யாரும் தொட முடியாது. அடுத்து மட்டை பிடிப்பது நான். அடித்துவிட்டு நீ நிற்கும் இடத்துக்கு நான் ஓடிவருகிறேன். ஒரு பையில் இரண்டு பேர் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறது, எனக்குத் தெரியும். நாம் நிற்போம்.*

என் வாழ்நாளில் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. 'நாம் நிற்போம்.' அலங்காரமே இல்லை. இரண்டு பெண்கள், ஒருத்தி தாமுவேயிலிருந்தும் இன்னொருத்தி மிங்கலா தாங்ஞுன்டிலிருந்தும், ஒரே பையனைப் பார்த்து ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போய்ச்சேர இருந்த ஒரே நாளில் நான் நடுவில் நின்று அதைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு.

உடனே ஓடினேன் என்று எழுத ஆசை. ஓடவில்லை. மழை, வேலை, கரண்ட் இல்லை. தீபாவளிப் பத்திரிகைகள் வந்து குவிந்தன. இதற்கிடையில் பெண் இரண்டு முறை அச்சகத்துக்கு வந்தாள். அக்கா பதில் சொல்லவில்லையாம். பையன் போனில் கேட்டால், அம்மா யோசிக்கட்டும் என்கிறானாம்.

"நான் எங்கே தப்பாப் பாடினேன், ஊலே?"

"தப்பா? இல்லையே."

"ஏதோ ஒரு வார்த்தை. ரெண்டாவது பல்லவியில ஆமே எந்திரிச்சுப் போனாங்க. உச்சரிப்பு கெட்டுப்போச்சா?"

"பெரியவங்கன்னா நேரம் எடுப்பாங்கம்மா."

அவள் தன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினாள்: மீள்வாய், மீள்வாய், மீள்வாய். ஒவ்வொரு முறையும் ள் இன்னும் கொஞ்சம் சரியாக வந்தது. அதற்கு நான் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பினேன். இதைவிடக் கீழே நான் இறங்கியதில்லை. இறங்கியிருந்தால் எனக்கே தெரியாமல் இறங்கியிருக்க வேண்டும்.

ஒருநாள் காலை அவள் பதிவு எதையும் அனுப்பவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். வாசித்துக் காட்டட்டுமா என்றேன்.

"ஏன், நான் பள்ளிக்கூடம் போகலையா?"

போயிருக்கிறார். நாங்கள் எல்லோரும் பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு உதடு அசைய மெதுவாகப் படித்தார். பல்லவிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

"இது யாருது?"

"அந்தப் பொண்ணு எழுதினது. முதல்லயே எழுதினது இதுதான் அக்கா. அன்னிக்குப் பாடினது நான் மாத்தினது. அதுக்கு அர்த்தம் என்னன்னு அவளுக்குத் தெரியாது. கேட்டா. நான் பொய் சொல்லிட்டேன்."

மிளகாய் நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணில் நீர். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவர் கையை நீட்டி, பக்கத்தில் கிடந்த மசாலா டப்பா மூடிகள் நான்கை எடுத்துத் தரையில் வைத்தார். சதுரம், சாய்த்து வைத்த சதுரம். ஒரு மிளகாயை எடுத்து ஒரு மூடியில் வைத்தார்.

"இது வீடு. இங்கேருந்து கிளம்புறான். இது ஒண்ணு. இது ரெண்டு." மிளகாய் இரண்டாவது மூடியில் நின்றது. இன்னொரு மிளகாயை எடுத்தார், சின்னது. "இவ அடிக்கிறா. ஓடுறா. ஒண்ணாவது மூடியில நிக்கணும் இவ. அவன் நிக்கிற மூடிக்கு வந்தா ஒருத்தர் அவுட்டு. நான் கேட்டிருக்கேன் அவன்கிட்ட." சின்ன மிளகாயைப் பெரிய மிளகாய்க்குப் பக்கத்தில், அதே மூடியில் வைத்தார். இரண்டும் உருண்டு விழாமல் இருக்கும்வரை விரலை எடுக்கவில்லை. "விதி தெரியாம எழுதலை. தெரிஞ்சு எழுதியிருக்கா பாரு."

"ஆமாக்கா."

"இதை ஏன் மாத்தினே?"

"தமிழ்ல இது நல்லா இருக்காதுன்னு..."

"யாருக்கு?"

வெளியே ரயில் போயிற்று. ஜன்னல் கண்ணாடி ஆடியது. மூடிகள் ஆடின. நான் பதில் சொல்லாததற்கு ரயில்தான் காரணம் என்று யாராவது நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே இருந்தது அக்கா மட்டும்தான்.

"அன்னிக்கு, யோசிக்காம எழுதியிருக்கும்னு சொன்னியே. அது யாரை?"

அவர் கேட்டுக்கொண்டே மூடிகளை எடுத்து அதனதன் டப்பாவில் மூடினார்.

"ஞாயித்துக்கிழமை அவளை வரச் சொல்றேன். பர்மா மொழியிலேயே பாடட்டும், எனக்குப் புரியும். நீ வரவேணாம் தம்பி."

தம்பி என்று சொல்லித்தான் சொன்னார். படியிறங்கும்போது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

பேசி முடிந்தது. கோயிலில் மாலை மாற்றினார்கள், பையன் போன் திரையில். நான் பின்வரிசையில் நின்றேன். பத்திரிகையை அச்சடித்தது எங்கள் அச்சகம்தான், திருத்தியதும் நான்தான்.

போன வாரம் பெண் அச்சகத்துக்கு வந்தாள். காகிதத்தில் சுற்றிய ஒரு லுங்கி. அரக்கு நிறம், நல்ல நெசவு. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஆமே சொன்னாங்க. நீங்கதான் வந்து பேசினீங்களாம். அதுக்கப்புறம்தான் மனசு மாறினாங்களாம்."

அக்கா அவளிடம் எதையும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றியிருக்கிறார், அல்லது என்னிடமே விட்டுவிட்டிருக்கிறார். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அவர் கணக்கில் கெட்டிக்காரர்.

லுங்கியை வாங்கிக்கொண்டேன். நானும் இரண்டு கையாலும்தான்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளம்புறேன், ஊலே. அதுக்கு முன்னால தமிழ்ப் பாட்டையும் பதிவு பண்ணிப் போடப்போறோம். ஆமே முன்னால பாடினது வீணாப் போகக்கூடாதில்லையா? பத்திரமா இரு, பத்திரமா இருன்னு அவன் கேக்கட்டும்." பிறகு தமிழில், திருத்தமாக, ள் பிசகாமல் பாடிக் காட்டினாள்: மீள்வாய்.

அவன் கேட்பான். அவனுக்கும் நூல் தமிழ் தெரியாது. அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்பான். அல்லது கேட்காமலே அந்தச் சொல் காதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது பையில் நிற்கிறவனைப் பார்த்து, அவளுடைய குரலில், நான் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்போதும் சொல்லவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

இவ்வளவையும் இரண்டு இரவும் ஒரு பகலும் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எழுதி முடிக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, இதையும் அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருக்கிறேன். துலக்கிவைத்த பித்தளை என்று எங்கோ எழுதினேன் இல்லையா? அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை. பர்மிய மொழியில் எனக்கு உவமை வராது, எதுகை வராது. சந்தையில் பேசுகிற மொழிதான் எனக்கு அது. போதும். புதுத் தாளில் முதல் வரியை எழுதிவிட்டேன்: உன் பல்லவியை நான் படிக்கவில்லை. இரண்டாவது வரியில், மீள்வாய் என்றால் என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். அதை எழுதி மடித்துக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸில் தாமுவே போகிறேன். லுங்கி சுற்றிய காகிதத்தோடு மேசையில் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.